பன்றிக்கறியை ஏன் மறைத்துச் சமைக்கிறோம்?

(உணவும் சாதியும் குறித்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கம் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக ஓட்டல் அடுப்படியில் நிற்கிறவன் நான். அதில் பெரும்பகுதி தந்தூரி அடுப்பிலும் கரி கிரில்லிலும் கழிந்தது. அதனால்தான் ஒரு முழுப் பன்றித் தொடையை உப்புநீரில் ஊறவைத்துத் தணலில் சுடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அழைப்பிதழைப் பார்த்த ஒரு தோழர் தொலைபேசியில் கேட்டார்: “சாதி ஒழிப்பு மேடையில் சமையல் குறிப்பு எதற்கு?” நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்: “மாட்டுக்கறி வறுவல் என்று போட்டிருந்தால் இதைக் கேட்டிருப்பீர்களா?” அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

மாட்டுக்கறிக்கு நம்மிடம் ஓர் அரசியல் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார் யார்?’ நூலில், தீண்டாமையின் தோற்றத்தையே மாட்டிறைச்சியோடு இணைத்து ஆராய்ந்தார். 2012இல் ஐதராபாத் உசுமானியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மாட்டுக்கறித் திருவிழா நடத்தினார்கள், அதற்காகத் தாக்கப்பட்டார்கள். 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றபோது நாம் கேள்வி கேட்டோம். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. திருவிழாவே தள்ளிப்போனது. இவையெல்லாம் நம் போராட்ட வரலாறு. நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் பன்றிக்கறிக்கு என்ன இருக்கிறது? துண்டறிக்கை உண்டா, முழக்கம் உண்டா? நம் கூட்டங்களிலேயே, மதிய உணவில் மாட்டுக்கறி இருந்தால் பெருமையாக அறிவிக்கிறோம். பன்றிக்கறி என்றால் பேச்சைத் தாழ்த்துகிறோம். கோபம் வந்தால் ‘பன்னி’ என்று திட்டுவதில் முற்போக்காளர், பிற்போக்காளர் வேறுபாடு கிடையாது.

இசுலாமியத் தோழர்கள் மனம் புண்படுமே என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். நேர்மையான காரணம்தான், அதற்கு வழியும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். ஆனால் இசுலாமியத் தோழர் ஒருவர்கூட இல்லாத கூட்டத்திலும் இதே காரணத்தைச் சொல்கிறோமே, அங்கே நாம் மறைப்பது வேறொன்று. சாதி படிப்படியான ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். ஊருக்குக் கீழே சேரி இருந்தது. எங்கள் சேரியில் பன்றிக்கறியை எல்லோரும் தின்றோம். ஆனால் பன்றி வளர்த்த வீடு சேரியின் கடைசியில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கறி வேண்டும் என்று அங்கே போவார்கள். அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்கள் குறைவு. கறி வாயில் இனிக்கிறது, வளர்த்த கை கசக்கிறது. இதற்குப் பார்ப்பனியம் என்றுதான் பெயர். எந்தத் தெருவில் நடந்தாலும்.

நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். மராத்தியப் படம், 2013. பன்றி பிடிக்க விதிக்கப்பட்ட கைக்காடிக் குடும்பத்துச் சிறுவனின் கதை. அந்தத் தலைப்பு மராத்திச் சொல் அல்ல, கைக்காடிச் சொல். கைக்காடி தமிழுக்கு நெருங்கிய உறவுள்ள மொழி. நம் ‘பன்றி’தான் அங்கே ‘ஃபன்றி’. பிடித்த பன்றியைக் காவடி கட்டித் தூக்கிக்கொண்டு, அம்பேத்கரும் சாவித்திரிபாய் புலேவும் வரையப்பட்ட பள்ளிச் சுவரைக் கடந்து அந்தக் குடும்பம் நடக்கும். அந்தச் சிறுவனை வதைப்பது பன்றி அல்ல. தான் பன்றி பிடிப்பதை ஊர் வேடிக்கை பார்க்கிறதே என்பதுதான். பத்தாண்டு கழித்து ‘மாமன்னன்’ படத்தில் மாரி செல்வராஜ் பன்றி வளர்க்கும் இளைஞனைக் கதைநாயகனாக்கினார். திரைக்கு வந்துவிட்டது. நம் பந்திக்கு இன்னும் வரவில்லை.

சரி, அழுக்கு என்கிறார்களே, அதைப் பேசுவோம்.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஓரிடம் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் பாணனுக்கு வழி சொல்கிறார். வழியில் கள் காய்ச்சும் பெண்களின் வீடுகள். அங்கே ஓர் ஆண் பன்றியை, சேற்றில் புரளும் பெண் பன்றிகளோடு போகவிடாமல், குழியில் நிறுத்தி, நெல்மாவு ஊட்டிப் பல நாள் வளர்த்திருப்பார்கள். அதன் கொழுத்த கறியும் முதிர்ந்த கள்ளும் உனக்குக் கிடைக்கும் என்கிறார். யோசித்துப் பாருங்கள். தனியே கட்டுவது, மாவுத் தீனி, பல நாள் கொழுக்க வைப்பது, கறியின் தரத்துக்காக இனச்சேர்க்கையைத் தடுப்பது. இன்று கால்நடைப் பல்கலைக்கழகம் வெண்பன்றி வளர்ப்புப் பயிற்சியில் சொல்லித்தருவதில் பாதி இந்தச் சில அடிகளில் இருக்கிறது. விருந்தாளிக்குப் பெருமையாகப் பரிமாறிய கறி அது.

பிறகு எப்படிப் பன்றி மலம் தின்னும் விலங்கானது? மலத்தைத் திறந்தவெளியிலும் எடுப்புக் கக்கூசிலும் விட்டுவைத்தவர்கள் யார்? வீட்டுக்குள்ளே மடி, ஆசாரம், கொல்லைப்புறத்தில் மலம். அதை அள்ள ஒரு சாதி, மிச்சத்தைத் தின்ன ஒரு விலங்கு. அள்ளியவரும் அசுத்தம், தின்ற விலங்கும் அசுத்தம், போட்டவர் மட்டும் சுத்தம்! கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள்; போதாமல் 2013இல் இன்னொன்று போட்டார்கள். இன்றும் சாக்கடைக் குழியில் நம் ஆட்கள் சாகிறார்கள். இதில் பன்றி செய்த குற்றம் என்ன? அதற்கு எதைப் போட்டார்களோ அதைத் தின்றது. (அதே பன்றியை அவதாரமாக்கி ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் வைத்துக் கும்பிடுவதில் மட்டும் யாருக்கும் கூச்சமில்லை.)

‘பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நாடாப்புழு என்று ஒன்று இருக்கிறது. புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால், குடலில் நாடாப்புழு வளரும். அது குடலோடு நிற்கும், மாத்திரையில் போகும். மூளையில் கட்டி வருவது வேறு வழியில். குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறுகின்றன. அந்த முட்டை தண்ணீரிலோ, கழுவாத கீரையிலோ, கழுவாத கையிலோ ஒட்டி ஒருவர் வயிற்றுக்குள் போனால்தான் மூளைக்கட்டி. அதனால்தான் வாழ்நாளில் கறியே தொடாதவர்களுக்கும் அது வருகிறது. பன்றிக்கும் அது மனித மலத்திலிருந்துதான் வருகிறது. இந்நோய் பரவியுள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கழிப்பறை இல்லாததால் வரும் நோயைப் பன்றியின் தலையில் கட்டிவிட்டோம்.

இப்படிக் கட்டிவைத்த இழிவு, கறி தின்கிறவரை ஒளியச் செய்கிறது. மாநகரத்தில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, குக்கரில் வேகவைப்போம். ஒருமுறை வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “என்ன கறி?” என்று கேட்டார். பொய் சொல்லாமல் பதில் சொன்னேன். மாதம் முடிவதற்குள் வேறு வீடு பார்க்கவேண்டி வந்தது. வடகிழக்கு மாநிலத்தவரைக் கேளுங்கள். பன்றிக்கறி அவர்களுக்குக் கல்யாண விருந்து. 2007இல் தில்லிக் காவல்துறை அவர்களுக்காக ஒரு கையேடு போட்டது. மூங்கில் குருத்து, ஆக்கோனி போன்ற மணமுள்ள பண்டங்களை அக்கம்பக்கத்தில் சச்சரவு வராமல் சமைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் அறிவுரை. குற்றம் செய்பவரைப் பிடிக்க வேண்டிய துறை குழம்பின் வாசனையைப் பிடித்தது. தில்லி வாடகை வீட்டில் ஆக்கோனி போட்டுப் பன்றிக்கறி சமைக்கப் படும் பாட்டையே ‘ஆக்கோனி’ என்று ஒரு முழுப் படமாக எடுத்தார்கள்.

குழம்பை ஒளித்து வைக்கலாம். நான்கு கிலோ தொடையைத் தணலில் ஒளித்துச் சுட முடியாது! வெட்டவெளி வேண்டும், நான்கைந்து மணி நேரம் வேண்டும், புகை தெரு முழுக்கப் போகும், பக்கத்தில் நான்கு பேர் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் குழம்பை விட்டுவிட்டு இதைப் பேச ஒப்புக்கொண்டேன். இது நமக்குப் புதிதும் அல்ல. தென்மாவட்டங்களில் சுடலைமாடனுக்குப் பன்றி வெட்டிப் படைத்து, அங்கேயே பொங்கித் தின்னும் வழக்கம் உண்டு. 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் தூசிதட்டி எடுத்து அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2004இல் சட்டத்தையே விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. ஆனால் வெட்டவெளியில் மூட்டிய அந்த அடுப்பை மதிக்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். குறித்துக்கொள்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பின்தொடை, எலும்போடும் தோலோடும், நான்கு கிலோ. தீவனம் போட்டு வளர்த்த பண்ணையிலிருந்தோ, கொட்டிலில் கட்டி வளர்ப்பவரிடமிருந்தோ நேரில் பார்த்து வாங்குங்கள். கறிக்குள் பச்சரிசி போல வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் வேண்டாம்.

ஐந்து லிட்டர் உப்புநீருக்கு 300 கிராம் கல் உப்பு. கைக்கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. மூன்று லிட்டர் தண்ணீரில் மொத்த உப்பையும் போட்டு, 150 கிராம் கருப்பட்டி, தட்டிய மிளகு, தனியா, சோம்பு, இரண்டு முழுப் பூண்டு, நான்கு பிரிஞ்சி இலை சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இறக்கி ஆறியதும் இரண்டு கிலோ ஐஸ்கட்டியைப் போடுங்கள். கரைந்தால் ஐந்து லிட்டர் கணக்குச் சரியாகிவிடும், நீரும் சில்லென்று ஆகிவிடும். சூடான உப்புநீரில் கறியைப் போட்டால் கெட்டுப்போகும். நம் ஊர் வெயிலில் இதில் விளையாடக் கூடாது.

கறி முழுவதும் மூழ்கவேண்டும். மிதந்தால் மேலே தட்டு வைத்து அழுத்துங்கள். 24 மணி நேரம், 4 டிகிரிக்கு மேல் போகாமல். குளிர்பெட்டியில் இவ்வளவு பெரிய பாத்திரம் நுழையாது என்பவர்கள் மீன்காரர்கள் வைத்திருக்கிற ஐஸ் பெட்டியை வாங்கி, பாத்திரத்தைச் சுற்றிலும் ஐஸ் அடுக்குங்கள். உப்புநீருக்குள்ளேயே மேலும் மேலும் ஐஸ் போட்டால் உப்பு நீர்த்துவிடும். உள்ளே போட்டே ஆகவேண்டும் என்றால் இறுகக் கட்டிய பையில் போடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பாட்டிமார் உப்புக்கண்டம் போட்டதும் இதே உப்புதான். கறி நிறையக் கிடைக்கிற அன்று, மஞ்சளும் உப்பும் தடவிக் கொடியில் காயவைப்பார்கள். அங்கே உப்பு, கறியின் நீரை வெளியே இழுக்கிறது; நாள்பட வைக்கலாம். இங்கே அளவான உப்பு, நீரில் கரைந்து உள்ளே போய்த் தசை இழைகளைத் தளர்த்துகிறது. தளர்ந்த இழைகள் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. தணலில் வாட்டும்போது அந்த நீர் அவ்வளவு எளிதில் வெளியேறாது. நான்கு மணி நேரம் சுட்டும் தொடை சக்கையாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். நேரம் கூடினால் நல்லது என்று இரண்டு மூன்று நாள் போட்டு வைக்காதீர்கள். கரித்துப்போகும்.

எடுத்த கறியைக் கழுவித் துடைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் குளிர்ச்சியிலேயே திறந்து வையுங்கள். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு வரும். பிறகு கறிப்பக்கத்தில் மிளகு, சீரகம், மிளகாய்த்தூள், மஞ்சள் தடவலாம். உப்பு மறுபடி வேண்டாம்.

அடுப்புக்கு, நீளவாக்கில் பிளந்த இரும்பு டிரம் போதும். எண்ணெய், ரசாயனம் இருந்த டிரம்மை எடுக்காதீர்கள். எந்த டிரம்மானாலும் முதலில் விறகு போட்டு வெறும் டிரம்மை நன்றாக எரித்துவிடுங்கள். கரி நம் ஊர் சீமைக்கருவேலங்கரி. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. நின்று எரியும், சூடு நன்றாக இருக்கும். அந்த மூட்டத்துப் புகையில் நிற்பவர்கள் யார், என்ன கூலி என்பது தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேசவேண்டிய கதை.

தணலை இரண்டு ஓரத்திலும் ஒதுக்குங்கள். நடுவில் தண்ணீர் ஊற்றிய தட்டு. அதன் மேலே கம்பியில் தொடை. கறிக்கு நேர் கீழே நெருப்பு கூடாது. கொழுப்பு சொட்டித் தீப்பிடித்தால் வெளியே கரியாகி உள்ளே பச்சையாக இருக்கும். பார்ப்பதற்கு வீரமாக இருக்கிறது என்று தீக்குள் கறியைக் காட்டுகிற காணொளிகளை நம்பாதீர்கள். மேல் டிரம்மால் மூடி, உள்ளே 150 டிகிரி அளவில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை புதுக் கங்கு. இரண்டு மணி நேரம் கழித்து, புளிக்கரைசலில் கொஞ்சம் கருப்பட்டியும் நசுக்கிய மிளகாயும் கலந்து கறிப்பக்கம் மட்டும் தடவிக்கொண்டே இருங்கள். தோலில் தடவினால் மொறுமொறுப்பு போய்விடும்.

நான்கு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். ஆனால் கடிகாரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. எலும்பில் படாமல், தடித்த இடத்தின் நடுவில் குத்துங்கள். அமெரிக்க வேளாண் துறை 2011இல் முழுக்கறிக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அறிவித்தது. நான் 75 வரை விடுவேன். நம் ஊர்ப் பன்றியின் வளர்ப்பு ஒரே சீராக இருப்பதில்லை. தவிர, உப்புநீர் ஊறிய கறி அந்தச் சூட்டைத் தாங்கும். எந்தப் புழுவும் அதில் தப்பாது. இறக்கி அரை மணி நேரம் தொடாமல் வையுங்கள். வெட்டும்போது விளிம்பில் இளஞ்சிவப்பு தெரிந்தால் பயப்படவேண்டாம், அது புகை ஏறிய நிறம்.

இதையே நான் வேலை செய்த இடங்களில் ஆங்கிலப் பெயர் சூட்டி, வெள்ளைத் தட்டில் மூன்று துண்டு வைத்துக் கொடுப்போம். வீட்டில் பன்றி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் அங்கே விரும்பிச் சாப்பிடுவார்கள். அந்த ஆங்கிலப் பெயருக்குப் பின்னாலும் ஒரு சேரி இருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் குழி வெட்டி, இரவெல்லாம் விழித்து, வினிகரும் மிளகாயும் தடவி முழுப் பன்றியைச் சுட்டவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள். பிறகு அந்தக் கலையின் புகழில் அவர்கள் பெயர் மங்கிப்போனது. ஏட்ரியன் மில்லர் 2021இல் ‘பிளாக் ஸ்மோக்’ என்று ஒரு நூலே எழுதி அவர்களை மீட்க வேண்டியிருந்தது. ஜமைக்காவில் அடிமைத்தளையை உடைத்து மலைக்கு ஓடிய மரூன் மக்கள், காட்டுப்பன்றியை உப்பும் மிளகாயும் பிமென்டோவும் தடவிப் பதப்படுத்தி, மெல்லிய தணலில் வாட்டினார்கள். புகை தெரிந்தால் படை வரும், அதனால் மூடிய குழியில் சுட்டார்கள் என்பார்கள். பிரிட்டிஷ் படையால் அவர்களை வெல்ல முடியவில்லை. 1739இல் உடன்படிக்கை போட்டது. அவர்கள் படைக்குப் பயந்து புகையை மறைத்தார்கள். அந்தக் கறி இன்று ஜமைக்காவின் சாலையோரத்தில் எல்லோர் கண்முன்னும் புகைகிறது. நாம் வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்கும் பயந்து இன்னும் சன்னலைச் சாத்திக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த உணவு நாளுக்கு என் யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன். பன்றிக்கறிக்குத் தனி அடுப்பு, தனிக் கத்தி, தனிக் கரண்டி, தனி ஆள், தனி மேசை. ‘பன்றிக்கறி’ என்று பெரிய எழுத்தில் பலகை. ‘ஸ்பெஷல் கறி’ என்று பூசி மெழுகுவது இசுலாமியத் தோழர்களுக்குச் செய்யும் துரோகம். தெளிவாக எழுதிவைப்பதுதான் மரியாதை. தின்னாதவர் தின்னவேண்டாம், அதில் நமக்குக் கட்டாயம் எதுவும் இல்லை.

பன்றியை வளர்ப்பவர்களிடமிருந்தே நேரடியாக, அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்குவோம். வாங்கிக்கொண்டு அவர்களை அனுப்பிவிடவும் வேண்டாம். தெருவில் மேய்கிறது என்று நகராட்சி வண்டி வந்து பன்றிகளை அள்ளிக்கொண்டு போகும்போது அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆகிறது, கொட்டில் போட இடமும் கடனும் கேட்டால் அலுவலகங்களில் என்ன பதில் கிடைக்கிறது என்பதை அவர்களே இந்த ஒலிவாங்கியில் பேசட்டும். எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தால் போதும்.

நான்கு கிலோ தொடை, எலும்பும் சுருக்கமும் போக, இருபது பேருக்குத் தாராளமாக வரும். இருநூறு பேர் என்றால் பத்துத் தொடை, ஐந்து டிரம், ஐம்பது லிட்டர் உப்புநீர், மூன்று கிலோ உப்பு. ஐஸ் பெட்டிகளை முதல் நாள் காலையிலேயே பிடித்துவைக்க வேண்டும். அதற்கு இப்போதே பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.